சின்ன ராணியின் கண்கள்

மூன்றாவது சொட்டு கண்ணில் விழுந்து ஒரு நொடி எரிந்து, பிறகு எப்படியோ வழி கண்டுபிடித்துக்கொண்டு தொண்டையில் கசப்பாக இறங்கியது. கண்ணில் விட்டது நாக்குக்கு எப்படித் தெரிகிறது என்று பூங்கோதை நினைத்தாள். பள்ளிக்கூட கைடு புத்தகங்களுக்குப் படம் போட்டுப் பிழைத்த காலத்தில் மனிதக் கண்ணின் குறுக்குவெட்டை எத்தனை தடவை வரைந்திருப்பாள், லென்ஸ், விழித்திரை, பார்வை நரம்பு என்று கோடு இழுத்துப் பெயர் எழுதியிருப்பாள், ஆனால் தொண்டைக்கு இறங்குகிற இந்தச் சந்து வழியை அதில் யாரும் போடச் சொன்னதில்லை. "மூடியே வச்சிருங்கம்மா, கண்ணு நல்லா விரியணும், அரை மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள். மூடுவதற்கு முன்னால் பூங்கோதை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள். கூடம் முழுக்க வரிசை வரிசையாக மனிதர்கள், எல்லோரும் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, கையை மடியில் வைத்து, புருவத்துக்கு மேல் சின்னதாக வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி. சாபத்தில் அரண்மனையோடு தூங்கிப்போன சனங்களை வரையச் சொன்னால் இப்படித்தான் வரைய வேண்டும், சமையல்காரன், சேவகன், மந்திரி என்று பிரிக்காமல், வேட்டியும் நைட்டிக்கு மேல் துண்டுமாக, ஒருவர் பையில் முறுக்கு வாசனையோடு. அப்படி வரையலாம் என்று நினைத்தாள். வரையலாம் என்றால் யார் வரைவது.

பக்கத்து நாற்காலியில் அவள் வளர்த்த பெண் தேன்மொழி இருந்தாள். பார்க்காமலே தெரிந்தது, போனில் கட்டைவிரல் தட்டுகிற சத்தம், இடையில் நின்று, மறுபடி தட்டுவது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஹைதராபாத்தில் வேலைக்குச் சேரப் போகிறவள், பெட்டி கட்ட வேண்டிய நேரத்தில் இங்கே திருச்சியில் கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் ஒரு பெண் வந்து அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தபோதும் இவள்தான் பின்னால் நின்றாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டை, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு புள்ளியைப் பாருங்கள், கோடெல்லாம் நேராக இருக்கிறதா சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண், ஏதோ வாய்ப்பாடு கேட்கிற மாதிரி. இருபத்தைந்து வருஷமாகக் கோடு போட்டே சாப்பிட்டவளிடம் கேட்கிற கேள்வி. நேராகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம், கோடு நேராக இருக்கும் என்று யாருக்குத் தெரியாது, அட்டை அச்சடித்தவன் கோணலாகவா அடித்திருப்பான். ஆனால் புள்ளியைச் சுற்றி நாலைந்து கட்டங்கள் தண்ணீருக்குள் கிடப்பதைப் போல நெளிந்தன, ஒரு இடத்தில் கோடு இருந்ததாகவே தெரியவில்லை. "நடுவுல நெளியுது" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "ரெண்டு மூணு வாரமா" என்றாள். அது பொய். மூன்று மாதம். முதலில் பாத்ரூம் டைல்ஸ் வளைந்தது, பிறகு ஜன்னல் கம்பி, பிறகு தேன்மொழியின் மூக்கு லேசாக ஒரு பக்கம் ஒதுங்கியது. சர்க்கரை ஒன்பது வருஷமாக இருக்கிறது, கண்ணுக்கு வரும் என்று மாத்திரை எழுதிக் கொடுக்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் சொன்னதுதான், சொல்லச் சொல்ல அது கோயில் வாசலில் செருப்பைப் பத்திரமாக விடுங்கள் என்கிற மாதிரி ஆகிவிட்டது.

மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில்தான் எட்டுப் படம் போட்டாள், மொத்தம் பன்னிரண்டில் நாலாவது முதல் பதினொன்றாவது வரை. சென்னையில் புதிதாகக் குழந்தைகள் பதிப்பகம் ஆரம்பித்த ஜெயசீலன் நேரில் வந்து கேட்டபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது, தன் பெயர் அட்டையில் வந்த புத்தகம் அதுவரை ஒன்றுகூடக் கிடையாது. தவளையின் சீரண மண்டலத்துக்குக் கீழே யார் பெயர் போடுவார்கள். "கதை பழசாவே இருக்கட்டும் மேடம், பார்வைதான் புதுசா வேணும்" என்றான் அவன். நிழலைத் தொலைத்த இளவரசியின் கதை. ராஜாவின் இரண்டாம் தாரமான சின்ன ராணி, மூத்தாள் மகள் முற்றத்தில் விளையாடிக் களைத்துத் தூங்கும்போது, மாலை வெயிலில் நீண்டு கிடக்கும் அவள் நிழலை நுனியிலிருந்து உரித்துப் பாய் மாதிரிச் சுருட்டிப் பித்தளைப் பெட்டியில் பூட்டிவிடுகிறாள். நிழலில்லாத பெண்ணைப் பேய் என்று ஊர் துரத்துகிறது. காடு, மலை, பேசும் கிளி எல்லாம் தாண்டிக் கடைசியில் பெட்டி திறக்கிறது, நிழல் ஓடி வந்து காலோடு ஒட்டிக்கொள்கிறது. சின்ன ராணிக்கு மொட்டை அடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி ஊர்கோலம் விடுகிறார்கள். அப்புறம் எல்லோரும் சுகமாக இருந்தார்கள், கழுதை உட்பட. ஐந்தாவது படம், அரண்மனைத் தூண்களுக்கு நடுவே சின்ன ராணி பெட்டியோடு நடந்து போவது. அதை அனுப்பிய அன்று ஜெயசீலனிடமிருந்து பத்து வரியில் செய்தி வந்தது. தூணெல்லாம் நெளியுதே மேடம், அரண்மனையே பயத்துல உடம்பை வளைக்கிற மாதிரி இருக்கே, எப்படி யோசிச்சீங்க என்று. யோசிக்கவில்லை. தூண்களை அவள் நேராகத்தான் போட்டாள். போட்ட கோடு வலப்பக்கம் பிதுங்கித் தெரிந்தது, அழித்துவிட்டு இடப்பக்கம் கொஞ்சம் தள்ளிப் போட்டாள், அப்போது நேராகத் தெரிந்தது, அவ்வளவுதான். செய்தியைப் படித்ததும் மூலப் படத்தைத் தரையில் விரித்து இரும்பு ஸ்கேலை ஒரு தூணின் மேல் வைத்தாள், இடது கண்ணால் பார்த்தாள். ஸ்கேலுக்கும் கோட்டுக்கும் நடுவே அரிசி போகிற அளவு இடைவெளி. ஸ்கேல் வளைந்திருக்கிறதோ என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள். பிறகு எழுந்து போய்ச் சோறு வடித்தாள். சாயங்காலம் 'ரொம்ப நன்றி' என்று பதில் அனுப்பினாள். அதற்கப்புறம் போட்ட படங்களில் சுவர், படிக்கட்டு, பல்லக்கு எல்லாமே நெளிந்தன, ஒவ்வொன்றுக்கும் பாராட்டு வந்தது, அவள் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னாள்.

அதில்கூட மனசு இத்தனை உறுத்தவில்லை. பன்னிரண்டாவது படம்தான். கழுதை ஊர்கோலம். மூன்று வாரமாக அதைத் தள்ளிப்போட்டு, அவன் கேட்கும்போதெல்லாம் இந்தா அந்தா என்று சொல்லி, போன வாரம் வேறு வழியில்லாமல், "சின்ன ராணியைக் கழுதை மேல ஏத்த எனக்கு மனசு வரல தம்பி, நானே ஒரு பிள்ளைக்குச் சித்திதான்" என்று சொல்லிவிட்டாள். அவன் குரல் தழுதழுக்க, "இதுதான் மேடம் நான் தேடின பார்வை, முடிவையே மாத்திப் போடுங்க, முன்னுரையில இதை எழுதறேன்" என்றான். எழுதட்டும். பொய் ஒன்றும் இல்லையே. பதினாறு வருஷமாகச் சித்திதான். மனசு வராததும் நிஜம்தான். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னால் அவள் கழுதையை வரைய உட்கார்ந்தாள், கழுதையின் நாலு காலும் நாலு கயிறாக வந்து விழுந்தன, காகிதத்தை மடித்து அலமாரிக்கு அடியில் தள்ளினாள், அதுவும் நிஜம். எது முதலில் வந்தது. கண்ணா மனசா. கண் வரவில்லை என்று ஆன பிறகுதானே மனசு வரவில்லை. இல்லை, மனசு முன்பே மறுத்துக்கொண்டுதான் இருந்தது, கண் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. எப்படி உருட்டினாலும் அந்த இடத்தில் வந்து சிக்கியது, நூல் கண்டில் முடிச்சு மாதிரி. பிள்ளைமேல் வைத்த பிரியத்தைக் காட்டிக் குருட்டுக் கண்ணை மறைத்துக்கொண்டாள். அந்தக் குருடு என்ற சொல்லை அவள் மனசுக்குள்கூடச் சொன்னதில்லை, இப்போது சொன்னதும் இமைக்குள் இருந்த சிவப்பு இருட்டு கொஞ்சம் நெருங்கி வந்து உட்கார்ந்தது.

ஒலிபெருக்கியில் யாரோ ஒரு செல்லம்மாளை அறை எண் ஆறுக்குக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்த சத்தம் இல்லை, மறுபடி கூப்பிட்டார்கள். சின்ன ராணியை அவளுக்கு ஜெயசீலன் வருவதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். மாணிக்கவேல் வீட்டுக்குள் அவள் இரண்டாம் தாரமாக நுழைந்தபோது ஐப்பசி மாதம், விடாத மழை, தேன்மொழிக்கு ஏழு வயது, அவளைப் பெற்ற ரேணுகா இறந்து ஒன்றரை வருஷம். பிள்ளை அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, சித்தி என்று கூப்பிடு என்று அப்பா சொன்னதும் சித்தி என்றது, தட்டில் போட்டதைச் சாப்பிட்டது. அந்த அமைதிதான் பயமாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் துடைக்கும்போது அந்தப் புத்தகம் கிடைத்தது. இதே கதை, பழைய பதிப்பு, பழுப்புக் காகிதத்தில் கறுப்பும் சிவப்புமாக இரண்டே நிறம், சின்ன ராணிக்கு உதட்டைத் தாண்டி ஒரு பல், முட்டை மாதிரிக் கண்கள். எல்லாப் பக்கத்திலும் அந்தக் கண்களைப் பேனாவால் குத்தியிருந்தது. கிறுக்கவில்லை, குத்தியிருந்தது, காகிதம் கிழிந்து பின்பக்கத்து இளவரசியின் பாவாடை தெரிகிற அளவுக்கு. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு, மெல்லிய காகிதத்தை நகத்தளவு வெட்டிப் பசை தடவி ஓட்டைமேல் ஒட்டி, அதில் புதுக் கண் வரைந்தாள். முட்டைக்கண் இல்லை, சாதாரணக் கண், கொஞ்சம் தூக்கம் கெட்ட மாதிரி. எட்டு ஜோடி. இரண்டு நாளில் அவற்றையும் குத்தியிருந்தது. மறுபடி ஒட்டினாள், பிள்ளை மறுபடி குத்தியது. இருவரும் ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், மழைக்காலம் முடிகிற வரை அதைச் செய்தார்கள். தை மாதம் ஒருநாள் புத்தகத்தை எடுத்துப் பார்த்தபோது கண்கள் ஒட்டினபடியே இருந்தன. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் புத்தகமே காணாமல் போயிற்று. மாணிக்கவேல் நாலு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலியில் போகிற வரைக்கும் அவருக்கு இது தெரியாது.

இப்போது தன் கண்ணிலேயே ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வந்து, வந்ததற்காக அவளுக்கே கூசியது. ஏழு வயசுப் பிள்ளை காகிதத்தில் குத்தினதற்கு நாற்பத்தேழு வயதில் கண் போகுமா, சர்க்கரையைக் கட்டுப்படுத்தத் துப்பில்லாதவளுக்கு எத்தனை யோசனை. ஆனால் பயம் கணக்குப் பார்த்தா வருகிறது. கண் போனால் யார் இருப்பார்கள். தேன்மொழி இருப்பாள், அதுதான் பயம். சொன்னால் ஹைதராபாத்தை விட்டுவிடுவாள், அடுப்படியில் நின்று தோசை ஊற்றுவாள், மாத்திரையை எண்ணிக் கையில் வைப்பாள், ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல மாட்டாள், அதே பழைய அமைதி. கதையில் சின்ன ராணி செய்தது வேறென்ன, பிள்ளையின் நிழலைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

தேன்மொழியின் போன் அடித்தது. "ஜெயசீலன் சார்" என்றாள் அவள். "உங்க போனை எடுக்கலன்னு எனக்கு அடிக்கறார். என்ன சொல்லட்டும்?"

"வெளியே இருக்கேன்னு சொல்லு."

தேன்மொழி போனை எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. "சித்தி" என்றாள், மெதுவாக. "கடைசிப் படம் மனசு வராமத்தான் போடலையா?"

பூங்கோதைக்குத் தொண்டையில் மருந்தின் கசப்பு இன்னும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருப்பது வசதியாகவும் இருந்தது. "இல்ல" என்றாள். "கண்ணு தெரியல. கழுதை கால் வரல எனக்கு. தூணெல்லாம் நான் நேராத்தான் போட்டேன் தேனு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஸ்கேலைப் படத்து மேலயே வச்சிட்டு சமைக்கப் போயிட்டீங்க. நான் பாத்தேன். அதுக்கப்புறம் காபியை டம்ளருக்கு வெளிய ஊத்தினீங்க, ரெண்டு தடவை. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லவே இல்ல."

"உனக்கு வேலை கிடைச்ச நேரம்..."

"அதான்னு தெரியும்" என்றாள் தேன்மொழி. கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "நான் போகத்தான் போறேன் சித்தி. இங்கயே இருந்து உங்களைப் பாத்துக்கறேன்னு நான் சொல்லப் போறதில்ல. கண்ணுல ஊசி போடணும்னாங்கன்னா முதல் ஊசிக்கு இருப்பேன். அடுத்ததுக்கு ரயில்ல வருவேன். எதிர்வீட்டு அக்காகிட்டப் பேசிட்டேன், சொட்டு மருந்து அவங்க விடுவாங்க."

எதிர்வீட்டு அக்காவிடம் சொல்கிற அளவுக்கு இத்தனை நாளாக இவள் தனியாக இதைச் சுமந்திருக்கிறாள் என்பது பூங்கோதைக்கு மெல்ல உறைத்தது. போகத்தான் போகிறாள் என்பது நிம்மதியாக இருந்தது, கூடவே, இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாமே என்றும் இருந்தது, இரண்டும் ஒரே மூச்சில். மூத்தவர் ஒருவர் கோலைத் தட்டிக்கொண்டு அவர்கள் காலைத் தாண்டிப் போனார். கண்ணை மூடினபடியே அவள் கேட்டாள், பதினாறு வருஷமாகக் கேட்காததை, கேட்கப் போகிறோம் என்று தெரியாமலே. "அந்தப் பழைய புத்தகத்துல, சின்ன ராணி கண்ணைக் குத்துவியே. என் மேல அவ்வளவு கோபமா?"

"நீங்கதான் ஒட்டினீங்கன்னு தெரியும்" என்றாள் தேன்மொழி. "அப்பாவுக்கு அப்படி வரைய வராது. கோபம் எல்லாம் இல்ல. நீங்க என்னைப் பாத்துட்டே இருப்பீங்க சித்தி. சாப்பிட்டாளா, தூங்கினாளா, முகம் வாடியிருக்கான்னு. திரும்பினா உங்க கண்ணு. அம்மாவை நினைச்சு ஒரு தடவை அழணும்னு இருக்கும், நீங்க பாத்துட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு அழ முடியாது. புத்தகத்தைத் திறந்தா அவளும் பாத்துட்டிருப்பா. அதான்."

"அப்புறம் ஏன் நிறுத்தின?"

"நீங்க வரைஞ்ச கண்ணு பாவமா இருந்துச்சு. குத்த முடியல. புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துல வச்சிட்டேன்."

அந்த வருஷம் முழுக்கப் பூங்கோதை ராத்திரி பகல் என்று பாராமல் அந்தப் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே சுணங்குகிறது, எங்கே சிரிக்கிறது என்று, ஒரு சித்திரக்காரி மாதிரி, ஒரு காவல்காரி மாதிரி. அதுதான் அன்பு என்று நினைத்தாள். பெற்றவளாக இருந்தால் பாதி நேரம் பார்க்காமலே இருந்திருப்பாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே அதட்டியிருப்பாள். இவளுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. ஊர் என்ன சொல்லுமோ, பிள்ளை என்ன நினைக்குமோ, கண்ணை எடுத்தால் எங்கே கதையில் வருகிறவளாகிவிடுவோமோ என்று விழித்துக்கொண்டே இருந்தாள். "போனைப் போடு, ஜெயசீலனுக்கு" என்றாள்.

அவன் எடுத்ததும் சுருக்கமாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், கண்ணில் கோளாறு, அதனால்தான் கடைசிப் படம் வரவில்லை, மனசு என்று சொன்னது முழு உண்மை இல்லை. தூண்களைப் பற்றியும் சொன்னாள். "அப்ப அந்தத் தூணெல்லாம்..." என்று அவன் இழுத்தான். "எனக்கு நேராத்தான் தெரிஞ்சுச்சு தம்பி" என்றாள். "மாத்தணுமான்னு நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. முன்னுரையில மட்டும் சித்திக்கு மனசு வரலன்னு எழுதாதீங்க." அவன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான், படத்துக்குக் காத்திருப்பதாகச் சொன்னான், தூணைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வைத்தான். ஒரு பாராட்டு கையைவிட்டுப் போவதை அவள் உணர்ந்தாள். வலித்தது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வலித்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். தேன்மொழி முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனாள். கண்ணைத் திறந்ததும் எல்லாமே ஓரம் கரைந்த வெளிச்சம், டாக்டரம்மா ஒரு வெள்ளைக் கறை, குரல் மட்டும் இளசாக இருந்தது. மோவாயை இயந்திரத்தில் வைக்கச் சொன்னாள், பச்சைக் கோடு ஒன்று கண்ணுக்குள் குறுக்கே போயிற்று. "வலது கண்ணுல விழித்திரையோட நடுவுல நீர் கோத்திருக்கு. அதான் வளைஞ்சு தெரியுது. மாசம் ஒண்ணா மூணு ஊசி போடணும், முதல் ஊசி இன்னைக்கே போட்டுரலாம்." இடது கண் என்று தேன்மொழி கேட்டாள். "இப்போதைக்குப் பயமில்ல. சர்க்கரையை விட்டுட்டா அதுவும் இதே வழிதான்."

"பழையபடி வருமா?" என்றாள் பூங்கோதை.

"கொஞ்சம் வரும். முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். முன்னாடியே வந்திருக்கலாம்."

"கோடு நேராகுமா? நான் படம் வரையறவ."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். "இப்ப இருக்கறதைவிட நேராகும்மா" என்றாள். "அதுக்கு மேல இப்ப எதுவும் சொல்ல முடியாது."

ஊசி போடும் அறைக்கு வெளியே நடையில் ஒரு பெஞ்சு. ஒப்புதல் தாளைக் கொடுத்தார்கள், தேன்மொழி படித்துக் காட்டினாள், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள், பூங்கோதை போட்டாள். அது கோட்டின் மேல்தான் விழுந்ததா என்று கேட்கவில்லை. இன்னும் இரண்டு பேருக்கு அப்புறம் என்றார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி, மரத்துப்போக மருந்து விடுவார்கள், வலிக்காது, மேலே பார் என்பார்கள், மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது வெள்ளையில் இறங்கும். வலிக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். கழுதையை வரையவே முடியாமல் போனால். போகட்டும், ஊர்கோலம் இல்லாத கதை ஒன்று இருந்துவிட்டுப் போகிறது. இல்லை, போகக் கூடாது, வரைந்து பார்த்துவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்வது வேறு, வரைய முடியாமல் வேண்டாம் என்பது வேறு. மூன்று மாதம். மூன்று ஊசி. அப்போது உட்கார்ந்து நாலு காலையும் போட்டுப் பார்ப்பாள், அப்போது தெரியும் மனசா கண்ணா என்று. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் பெஞ்சு லேசாக நடுங்குவது தெரிந்தது. முதலில் யாரோ நடக்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு மூச்சை உள்ளே இழுத்து அடக்குகிற சத்தம், மூக்கை உறிஞ்சாமல் வாயால் விடுகிற காற்று, அந்தச் சத்தத்தை இந்தப் பதினாறு வருஷத்தில் அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, மாணிக்கவேல் போனபோதுகூட. தேன்மொழி அழுதுகொண்டிருந்தாள். எதற்காக என்று தெரியவில்லை, சித்தியின் கண்ணுக்கா, ஊரை விட்டுப் போவதற்கா, யாரை நினைத்தோ. பூங்கோதையின் கழுத்து தானாகத் திரும்பியது, பழகின கழுத்து. பாதியில் நிறுத்தினாள். பிறகு மெதுவாக, ஏதோ சத்தம் கேட்ட மாதிரி, எதிர்ப்பக்கம் இருந்த ஜன்னலை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரிந்த கண்ணுக்குள் மத்தியான வெயில் வெள்ளையாகப் பாய்ந்தது, கூசியது, தண்ணீர் கொட்டியது. அவள் முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தாள்.